பந்தை முட்டிய நெற்றி

சகோதரிகளே, முதியவர்களின் மறதியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் ஒரு இளம் தாய். ஒன்பது வயதுப் பையனைக் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்புகிறாராம். "அக்கா, பயிற்சி மாஸ்டர் பந்தை உயரத் தூக்கிப் போட்டு, ஒவ்வொரு பையனையும் இருபது தடவை தலையால் முட்டச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து 'தலை வலிக்குதும்மா' என்கிறான். அவங்க அப்பாவோ, 'ஆம்பளைப் பிள்ளைன்னா நாலு அடி படத்தான் செய்யும், நீ சும்மா இரு' என்கிறார். நான் பயப்படுவது அசட்டுத்தனமா?" என்று கேட்டிருக்கிறார்.

அசட்டுத்தனம் இல்லை தங்கையே. இதைச் சொல்ல ஒரு வரி போதும்தான். ஆனால் வெறுமனே "வேண்டாம்" என்றால் வீட்டு ஆண்பிள்ளைகள் கேட்டுவிடுவார்களா? ஆதாரம் எங்கே என்பார்கள். அதனால் இந்த முறை கஷாயம், களிம்பு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஸ்காட்லாந்து நாட்டில் பெரும் புகழோடு வாழ்ந்து மறைந்த பில்லி மெக்நீல் என்ற கால்பந்து வீரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கால்பந்து பிடிக்காதவர்கள் தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எனக்கும் கல்யாணமான புதிதில் பிடிக்காதுதான். இருபது வருஷமாக என் வீட்டுக்காரர் பார்க்கிற ஆட்டத்தையெல்லாம் கீரை ஆய்ந்தபடியே பார்த்துப் பார்த்து, கார்னர் என்றால் என்ன, ஆஃப்சைடு என்றால் என்ன என்று பாடம் ஏறிவிட்டது.

பில்லி மெக்நீல் பிறந்தது 1940-ஆம் வருஷம் மார்ச் 2-ஆம் தேதி. ஊர் பெல்ஸ்ஹில். கிளாஸ்கோ நகருக்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உலையுமாக இருந்த பகுதி. தாய் வழியில் அவர் லித்துவேனியாக்காரர். பிழைப்புத் தேடி அந்த நாட்டிலிருந்து வந்து சுரங்க வேலையில் சேர்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அப்பா பட்டாளத்துக்காரர். அவருக்கு வேலை மாற்றலாகிக் குடும்பம் சில காலம் இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு என்ற ஊரில் இருந்தபோது, பையன் பள்ளிக்கூடத்தில் ஆடியது ரக்பி! முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. மறுபடி ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய பிறகுதான் கால்பந்து. மாணவர் அணியில் அவன் ஆடியதைப் பார்த்த ஜாக் ஸ்டீன் என்ற பயிற்சியாளர், "இந்தப் பையனை விடாதீர்கள்" என்று தன் சங்கத்துக்குச் சிபாரிசு செய்தார். 1957-இல் பதினேழு வயதில் செல்டிக் சங்கத்தில் சேர்ந்தவர், பதினெட்டு வருஷம் வேறு எந்தச் சட்டையையும் போடவில்லை.

செல்டிக் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதை நம் பத்திரிகையில் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது? பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடப் பணம் வேண்டும் என்று, வால்ஃப்ரிட் என்ற கத்தோலிக்கத் துறவியார் 1887-இல் ஒரு கால்பந்துச் சங்கம் தொடங்கினார். டிக்கெட் பணத்தில் சோறு. அப்படிப் பிறந்த சங்கம்தான் பின்னால் ஐரோப்பாவையே வென்றது.

இப்போது மெக்நீலின் வேலையைச் சொல்கிறேன். கோல் போடுகிறவனைத்தான் எல்லோரும் தோளில் தூக்குவார்கள். இவர் அந்த ரகம் இல்லை. கோல் விழாமல் தடுக்கிற பின்வரிசை ஆட்டக்காரர். அதிலும் நட்ட நடுவில், கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிறவர். எதிரணிக்காரன் ஓரத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி அடிப்பான். அதைக் கையால் தொடக்கூடாது, அந்த உரிமை கோல்கீப்பருக்கு மட்டும். காலுக்கும் எட்டாது. மிச்சம் இருப்பது தலைதான். எம்பிக் குதித்து, தலைமயிருக்கும் புருவத்துக்கும் நடுவில் உள்ள நெற்றியால் ஓங்கி முட்டி, வந்த திசைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மெக்நீல் ஆறடிக்கு மேல் உயரம். ஆகாயத்தில் வருகிற பந்து அவருடையது என்றே ஆகிவிட்டது.

அவருக்குப் பக்கத்தில் ஜான் கிளார்க் என்று இன்னொருவர். இவர் தலைக்குத் தப்பி விழுகிற பந்தையெல்லாம் பின்னால் நின்று சத்தமில்லாமல் ஒதுக்கித் தள்ளுவார். அவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'துடைப்பம்'! நம் வேலையைச் செய்கிறவருக்கு நம் கருவியின் பெயர். மெக்நீலுக்கு மட்டும் 'சீசர்' என்று பெயர். சீசர் ரொமேரோ என்ற சினிமா நடிகரின் பெயரைக் கூட்டாளிகள் விளையாட்டாக வைக்கப்போய், கடைசியில் அது ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் பெயர் போலவே நிலைத்துவிட்டது. ஆளும் அப்படித்தான் நிற்பார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தொடக்கமெல்லாம் சுகமாக இல்லை. நாட்டுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் 1961 ஏப்ரலில், லண்டன் வெம்பிளி மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. ஸ்காட்லாந்து மூன்று கோல் போட்டது, ஒன்பது கோல் வாங்கியது. தடுக்கத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள், அன்றைக்குப் பார்த்து ஒன்பது! இருபத்தோரு வயதுப் பையன் எந்த முகத்தோடு ஊர் திரும்பினானோ. அப்படியும் அவரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மொத்தம் 29 முறை ஸ்காட்லாந்துக்காக ஆடினார்.

செல்டிக்கிலும் முதல் சில வருஷங்கள் வறட்சிதான். ஒரு பெரிய கோப்பையும் கிட்டவில்லை. 1963-இல் அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். 1965 மார்ச்சில் ஜாக் ஸ்டீன் மேனேஜராகத் திரும்பி வந்தார். அடுத்த மாதமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம். ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எதிரே டன்ஃபெர்ம்லின். இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடிய ஒன்பது நிமிஷம்தான் பாக்கி. சார்லி காலகர் என்பவர் மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார். பின்வரிசையிலிருந்து ஓடி வந்த மெக்நீல் எல்லோருக்கும் மேலே எழும்பி ஒரே முட்டு. மூன்றுக்கு இரண்டு. அங்கே தொடங்கியதுதான் செல்டிக்கின் பொற்காலம் என்று இன்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த வருஷம் ஸ்காட்லாந்தில் முதன்முதலாக 'ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்' என்று ஒரு விருது வைத்தார்கள். முதல் பெயர் இவருடையது.

இரண்டு வருஷம் கழித்து அதே காலகர், அதே மூலை, அதே நெற்றி. 1967 மார்ச், ஐரோப்பியக் கோப்பையின் கால் இறுதி. யுகோஸ்லாவியாவின் வொய்வொதினா அணியிடம் அங்கே போய் ஒரு கோலில் தோற்று வந்திருந்தார்கள். கிளாஸ்கோவில் ஸ்டீவி சாமர்ஸ் ஒரு கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்தார். கடைசி நிமிஷம். கார்னர். மெக்நீல் முட்டினார், பந்து உள்ளே. அந்தத் தலை அன்றைக்கு ஒரு நொடி தாமதித்திருந்தால் லிஸ்பன் என்ற ஊர்ப் பெயரே செல்டிக் சரித்திரத்தில் இருந்திருக்காது.

லிஸ்பன்! போர்ச்சுகல் நாட்டுத் தலைநகரம். 1967 மே 25. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது இத்தாலியின் இன்டர் மிலான், ஏற்கெனவே இரண்டு முறை அந்தக் கோப்பையை எடுத்தவர்கள். அவர்களுடைய ஆட்ட முறைக்கு இத்தாலிய மொழியில் 'தாழ்ப்பாள்' என்று பெயர். ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவார்கள், பிறகு யாராலும் நுழைய முடியாது. அன்றும் ஏழாவது நிமிஷத்தில் பெனால்டியில் ஒரு கோல் போட்டுத் தாழ் போட்டார்கள். செல்டிக் பையன்கள் விடவில்லை. அறுபத்து மூன்றாவது நிமிஷத்தில் டாமி ஜெம்மல், இவரும் பின்வரிசைக்காரர்தான், தூரத்திலிருந்து ஒரு அடி. எண்பத்து நான்காவது நிமிஷத்தில் சாமர்ஸ். தாழ்ப்பாள் தெறித்தது. ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி அதுதான். அணியில் அத்தனை பேரும் செல்டிக் மைதானத்தைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். விலைக்கு வாங்கி உலகமெல்லாம் இருந்து ஆள் சேர்க்கிற இந்தக் காலத்தில் அதை நினைத்துப் பார்க்கவே ஆச்சரியம்.

ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள். சக ஆட்டக்காரர்கள் எல்லாம் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள, கேப்டன் மட்டும் மேடையேறி அந்தப் பெரிய வெள்ளிக் கோப்பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார். அந்தப் படம்தான் அந்த ஊர் வீடுகளில் இன்றும் மாட்டியிருக்கிறது.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம். ஏழு ஸ்காட்டிஷ் கோப்பை, ஆறு லீக் கோப்பை. 1969-இல் பரம வைரியான ரேஞ்சர்ஸை நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்த இறுதி ஆட்டத்தில், இரண்டாவது நிமிஷமே இவர் தலையால் முட்டிப் போட்டதுதான் முதல் கோல். செல்டிக்குக்காக மொத்தம் 790 போட்டிகள். அதில் ஒரு முறைகூட இவரை வெளியே கூப்பிட்டு மாற்று ஆள் இறக்கியதில்லை. 1975 மே மாதம் இன்னொரு கோப்பையை வாங்கிக் கையில் பிடித்தபடியே ஓய்வு பெற்றார். பிறகு மேனேஜர் ஆனார். அபர்டீன், செல்டிக், இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி, ஆஸ்டன் வில்லா, மறுபடி செல்டிக். சங்கத்தின் நூற்றாண்டான 1988-இல் லீக்கும் கோப்பையும் இரண்டையும் வாங்கிக் கொடுத்தார். 1991-இல் அதுவும் முடிந்தது.

790 போட்டிகளை மட்டும் ஒரு நிமிஷம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போட்டியில் பத்து முட்டு என்று குறைவாகப் போட்டாலும் எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இது நான் போடுகிற வீட்டுக்கணக்கு, யாரும் எண்ணி வைத்தது இல்லை. பயிற்சியில் முட்டியது இதில் சேராது. போட்டி வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, பயிற்சி அப்படியில்லையே!

அவர் மனைவி லிஸ், கல்யாணத்துக்கு முன் நடனக் கலைஞராக இருந்தவர். ஐந்து குழந்தைகள், நான்கு பெண், ஒரு பையன். ஊரெல்லாம் 'சீசர்' என்று கொண்டாடுகிற மனிதரை வீட்டுக்குள் ஒரு சாதாரணக் கணவராக வைத்துக் காலம் தள்ளியவர். அவர் பக்கத்துக் கதை 2017-இல்தான் வெளியே வந்தது. மெக்நீலுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் சில வருஷங்களாகவே இருக்கிறது என்று குடும்பத்தார் அந்த வருஷம் பகிரங்கமாகச் சொன்னார்கள். பேச்சு மிகவும் குறைந்துவிட்டது என்றார்கள். மைதானத்தில் பத்துப் பேருக்கு உரக்கக் குரல் கொடுத்து நிறுத்தி வைத்த கேப்டன்! பந்தை முட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. அதற்கு முன்பே, 2015 டிசம்பரில், செல்டிக் மைதானத்தின் வாசலில், கோப்பையைத் தூக்கிய கோலத்தில் அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள்.

எங்கள் அத்தையை ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டவள் என்பதால் இந்த இடத்தில் எனக்கு எழுத வரமாட்டேன் என்கிறது. மறதி நோய் என்றால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது முதல் படி. பிறகு வார்த்தை போகும். "தண்ணீர்" என்று கேட்கத் தெரியாமல் கையை ஆட்டுவார்கள். கேட்பதைப் புரிந்துகொள்ளாமல் நாம் காப்பியை நீட்டினால் கோபம் வரும். பார்க்க வருகிறவர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்து, "நல்லாத்தானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி மூன்று மணிக்கு "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு எழுந்து போகிறவரைக் கைபிடித்துத் திருப்புகிறவளுக்குத்தான் தெரியும். லிஸ் அம்மாள் எதையெல்லாம் பட்டாரோ எனக்குத் தெரியாது. பெரிய பெயர் எடுத்தவரின் மனைவி என்பதற்காக அந்த ராத்திரிகள் சுருங்கிவிட்டிருக்காது.

பில்லி மெக்நீல் 2019 ஏப்ரல் 22-ஆம் தேதி எழுபத்தொன்பது வயதில் காலமானார். ஒரே வாரம். ஏப்ரல் 29-ஆம் தேதி ஸ்டீவி சாமர்ஸும் போனார், லிஸ்பனில் கடைசி கோல் போட்ட அதே சாமர்ஸ். அவருக்கும் பல வருஷமாக மறதி நோய்.

ஒரே அணியில் இரண்டு பேர் என்றால், வயதானால் வருவதுதானே என்று விட்டுவிடலாம். உண்மையில் முதலில் அப்படித்தான் விட்டார்கள். இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்ல் என்று ஒருவர், தலையால் கோல் போடுவதில் கெட்டிக்காரர். 2002-இல் மறதி நோயோடு இறந்தபோது வயது ஐம்பத்தொன்பதுதான். மரண விசாரணை நடத்திய அதிகாரி, இது 'தொழிலால் வந்த நோய்' என்று தீர்ப்பு எழுதினார். பஞ்சாலையில் வேலை செய்தவருக்கு மூச்சு நோய் வருகிறதே, அந்த மாதிரி. அதற்குப் பிறகும் கால்பந்து உலகம் வருஷக்கணக்கில் அசையவில்லை. ஆஸ்லின் மனைவியும் மகள்களும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்கள் பெண்கள்தான் என்பதைக் கவனித்தீர்களா?

கடைசியில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லி ஸ்டூவர்ட் என்ற மூளை நோய்க்கூறு நிபுணர் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது. மெக்நீல் மறைந்த அதே 2019-இல், அக்டோபரில் முடிவு வந்தது. ஸ்காட்லாந்தில் தொழில்முறையில் கால்பந்து ஆடிய 7,676 பேரையும், அவர்களோடு ஒத்த வயதும் ஒத்த வசதியும் உள்ள பொதுஜனங்கள் 23,028 பேரையும் மருத்துவப் பதிவேடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளை தேய்ந்து வருகிற நோய்களால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது.

2021-இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். கோல்கீப்பர்களுக்குப் பொதுஜனங்களைவிட அதிக ஆபத்து இல்லை. பந்தைக் கையால் பிடிக்கிறவர்கள் அல்லவா! மற்றவர்களுக்கு ஆபத்து அதிகம். எல்லோரையும்விட அதிகம், சுமார் ஐந்து மடங்கு, பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு. எத்தனை வருஷம் ஆடினார்களோ அதற்குத் தக்கபடி ஆபத்தும் கூடியது. அந்த 2021-இல்தான் இன்னொரு ஸ்காட்லாந்துப் பின்வரிசைக்காரர், லீட்ஸ், மான்செஸ்டர் யுனைடெட் அணிகளுக்கு ஆடிய கார்டன் மெக்குவீனுக்கு மறதி நோய் என்று அவர் குடும்பம் அறிவித்தது. 2023-இல் எழுபது வயதில் போய்விட்டார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் என்னைச் சும்மா விடமாட்டார். அதே 2019 ஆய்வில் ஆட்டக்காரர்களுக்கு இருதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் சாவது குறைவு என்றும் தெரிந்தது. எழுபது வயதுவரை அவர்கள் மற்றவர்களைவிடத் தெம்பாகவே இருந்தார்கள். மூன்றரை மடங்கு என்றதும் எல்லோருக்கும் வந்துவிடும் என்று அலற வேண்டாம். மூளை தேயும் நோயே சாவுக்கு முதல் காரணம் என்று பதிவானவர்கள் ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு 1.7, மற்றவர்களில் நூற்றுக்கு 0.5. அவ்வளவுதான். ஒருவர் வாழ்நாளில் எத்தனை தடவை முட்டினார் என்ற கணக்கும் பதிவேட்டில் கிடையாது. ஆகவே மெக்நீலுக்கு வந்தது முட்டியதால்தான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கோல்கீப்பருக்கு இல்லாமல் தடுப்பாட்டக்காரருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு மட்டும் வேறு நல்ல பதில் இதுவரை யாரும் சொல்லவில்லை.

முட்டினால் உள்ளே என்ன ஆகிறது? மூளை மண்டையோட்டில் ஒட்டிக்கொண்டு இல்லை, நீரில் மிதக்கிறது. மோர்ப் பானையில் வெண்ணெய் உருண்டை மிதக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பானையைச் சட்டென்று இடித்தால் பானைக்கு ஒரு கீறலும் இருக்காது, உள்ளே உருண்டை பக்கத்தில் போய் மோதிக் கசங்கும். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. மயக்கம் வராது, வீக்கம் இருக்காது. ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் நரம்பு இழைகளில் சேதம் சேர்ந்துகொண்டே போய், முப்பது நாற்பது வருஷம் கழித்து வெளியே தெரியலாம் என்கிறார்கள்.

"அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் ஊறிக் கல் மாதிரி கனக்கும், இப்போது பந்து லேசு" என்று ஒரு வாதம் உண்டு. என் வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார். ஊறினால் கனத்தது என்பது வாஸ்தவம். ஆனால் காய்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஒன்றுதான், 400 கிராமுக்கு மேல். ஊறாத பந்து வேகமாக வேறு வருகிறது. 2021 ஆய்விலும், பிந்தின தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. இதைச் சொன்னதும் அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆய்வு முடிவு வந்த சில மாதங்களிலேயே, 2020 தொடக்கத்தில், ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு விதி போட்டது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டக் கற்றுக்கொடுக்கவே கூடாது. அதற்கு மேல் வயது ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணிக்கை வைத்து. 2022-இல் சம்பளத்துக்கு ஆடும் பெரியவர்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. போட்டிக்கு முந்தின நாளும் மறு நாளும் பயிற்சியில் முட்டக்கூடாது. மெக்நீலைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நாடே சொல்கிற விதி இது.

ஆகவே தங்கையே, பையனை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடாதீர்கள். ஓடட்டும், உதைக்கட்டும், வியர்க்கட்டும். இருதயத்துக்கு அது அமிர்தம். தலையால் முட்டுவதை மட்டும் பன்னிரண்டு வயதுவரை வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லுங்கள். அவர் கெட்டவர் இல்லை, தான் கற்றுக்கொண்ட மாதிரி கற்றுக்கொடுக்கிறார். ஒன்பது வயதில் கழுத்து இன்னும் பலப்படவில்லை, தலையைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி அதற்கு இல்லை என்று சொன்னால் புரிந்துகொள்வார். இந்தப் பக்கத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

தலைவலி விஷயத்தை இதோடு சேர்த்துவிடாதீர்கள், அது தனி. பயிற்சி முடிந்து ஒவ்வொரு முறையும் தலை வலிக்கிறது என்றால் டாக்டரிடம் ஒரு முறை காட்டியாக வேண்டும். கண் பார்வைக் குறையோ, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஆடியதோகூட இருக்கலாம். தலையில் பலமாக அடிபட்டு, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், பொருள் இரண்டாகத் தெரிவது, இதில் ஏதாவது இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லும், ஆடுகிற ஆசை. சந்தேகம் என்றால் உட்கார வை என்பது ஸ்காட்லாந்தில் 2015 முதல் எல்லா விளையாட்டுக்கும் பொதுவான விதி.

மாஸ்டரைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாமல், "நாலு அடி படத்தான் செய்யும்" என்றவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். மாஸ்டர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுவது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.